பதினாறு தட்டு சும்மா

என் வீட்டுக்காரர் சொந்தமாக ஓர் இசை செய்திருந்தார். பாட்டு கிடையாது, பாடுகிறவர் கிடையாது. வாத்தியங்கள் மட்டும் எட்டு நிமிடம் வாசிக்கிற உருப்படி. எங்கள் மகளுக்கு ஒரு வயது முடிந்திருந்த சமயத்தில் அதை ஐந்து மேடைகளில் வாசித்திருந்தார். ஐந்திலும் அது நாலாவது நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆறாவது மேடை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அமைந்தது. அங்கேயும் தாண்டாவிட்டால் அந்த உருப்படியைத் தலைமுழுகிவிடுவது என்று குழுவில் பேசி முடிவாகியிருந்தது. தாண்டவிடாமல் தடுக்க ஒரே ஓர் ஆபத்துதான் பாக்கி. அது என் இடுப்பில் உட்கார்ந்திருந்தது.

அவருக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியன் வேலை. பெண் பார்க்க வந்தபோது, "லீவு நாள்ல கொஞ்சம் கச்சேரி, பாட்டுன்னு போவாரு" என்றுதான் சொன்னார்கள். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பது கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன அன்றைக்குத் தெரிந்தது. முன்னறை முழுவதும் டிரம்ஸ் உட்கார்ந்திருந்தது. என் அப்பா வாங்கித் தந்த பீரோவுக்கு அடுப்படியில்தான் இடம் கிடைத்தது. இரண்டு வருடம் என் பட்டுச்சேலைகள் எல்லாம் கடுகு தாளித்த வாசனையோடுதான் இருந்தன.

அவர் வாசிப்பது ஜாஸ். எங்கள் பக்கத்தில் அந்த டிரம்ஸுக்கே ஜாஸ் என்றுதான் பெயர். "அது வாத்தியமில்ல, வாசிக்கிற முறை" என்று அவர் தெருவில் எத்தனையோ பேருக்கு விளக்கிவிட்டார். கேட்டு முடித்தவர்கள், "அப்ப அந்த ஜாஸை எங்க வீட்டுக் காதுகுத்துக்கு எடுத்துட்டு வாங்க" என்பார்கள். அவருக்கு அந்த இசை அறிமுகமானது சிற்றலை வானொலியில். ஏதோ ஒரு தூர தேசத்து நிலையம். அலை போகும், வரும்; இரைச்சலுக்கு நடுவில் கொஞ்சம் இசை கேட்கும். நிலையம் காணாமல் போகிற நேரத்தையும் இசையில் ஒரு பகுதி என்றே நினைத்துக் கற்றுக்கொண்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இதுவரை கேட்டதில்லை.

குழுவில் அவரோடு ஆறு பேர். சனிக்கிழமைகளில் ஒரு வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வத்திராயிருப்பு, மம்சாபுரம் என்று பள்ளிகளுக்குப் போவார்கள். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். சாயங்காலம் அதே பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கச்சேரி. சினிமாப் பாட்டு பத்து வாசித்தால் அவருடைய சொந்த உருப்படி ஒன்று. அதுதான் குழுவில் ஒப்பந்தம். மற்றவர்கள் அதற்கு "அண்ணன் பாகற்காய்" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பாகற்காய் இப்படி இருக்கும். முதல் நாலு நிமிடம் நூற்பாலையின் ஓட்டம். நூல் சுற்றும் கதிர்கள் சுழல்கிற சத்தத்தை டிரம்ஸில் கொண்டுவருவார். சாக்ஸபோனும் மற்றதும் மேலே ஏறிக்கொண்டே போகும். சட்டென்று எல்லாம் நிற்கும். மின்வெட்டு. பதினாறு தட்டு நேரம் யாரும் எதுவும் வாசிக்கக் கூடாது. பிறகு ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும், மறுபடி ஓட்டம்.

"கரண்ட் போச்சுன்னா ஷெட்டுல அத்தனை பேரும் ஒரே சமயத்துல தலையத் தூக்குவாங்க. அம்புட்டு நேரம் கேக்காத மூச்சுச் சத்தம் அப்பத்தான் கேக்கும். அதுக்காகத்தான் மொத்த உருப்படியும்" என்று ஒரு நாள் எனக்கு விளக்கினார்.

எதிர்வீட்டு அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. என்னிடம் பேசுவது தமிழ். கேலி செய்ய மட்டும் இரண்டும். "ஏமம்மா, கரண்ட் போறதப் பாக்க மேடை எதுக்கு? நம்ம தெருவுல தெனமும் ரெண்டு தடவ போகுது. சும்மாவே பாத்துக்கலாமே!" என்றார்.

அக்காவின் கேலியை அவர் பொருட்படுத்தவில்லை. அவரை அடித்தது ஊர்க்காரர்களின் நல்ல மனசு. மேடையில் சத்தம் நின்றால் ஏதோ கோளாறு என்று நினைத்து உதவிக்கு வந்துவிடுவார்கள். வத்திராயிருப்பில் ஒரு கோயில் கொடைவிழாவில், மௌனம் தொடங்கி நாலு தட்டு ஆவதற்குள் மைக்செட்காரர் பதறிப்போய் ஒரு சாமி பாட்டு கேசட்டைத் தட்டிவிட்டார். ஒரு கல்யாண வரவேற்பில் கச்சேரி முடிந்தது என்று எண்ணி யாரோ, "இலை போட்டாச்சு!" என்று குரல் கொடுக்க, மண்டபமே எழுந்து பந்திக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் பியூன் மணியை அடித்துவிட்டார். அறுநூறு பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் என் வீட்டுக்காரருடைய ஜால்ரா ஸ்டாண்ட் கீழே விழுந்தது. மற்ற இரண்டும் இதே ரகம்.

நான் ஒரு யோசனை சொன்னேன். "ஏங்க, பதினாறுக்குப் பதிலா நாலு தட்டு வைக்கலாமே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், குழந்தைக்குப் பத்து விரல் வேண்டாம், நாலு போதும் என்று நான் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள், சொன்னது தப்போ, சொன்ன நேரம் தப்போ, சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னதுதான் தப்போ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்படி ஒரு சுபாவம். கணிதத்தில் பட்டம் வாங்கியவள். விடை சரியா என்று இரண்டாம் தடவை போட்டுப் பார்க்காமல் தாளைக் கொடுக்கமாட்டேன். பிள்ளை பிறந்த பிறகு அது முற்றிவிட்டது. மகளுக்கு ஆறாவது மாதத்தில் ஒரு முறை இளைப்பு வந்தது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கடிகாரம் வைத்து எண்ணிப் பார்க்கும்படி டாக்டர் சொன்னார். இளைப்பு நாலு நாளில் போய்விட்டது. எண்ணுவது போகவில்லை. தூங்கும் பிள்ளையின் மூச்சை எண்ணினேன், கொடுத்த கரண்டிகளை எண்ணினேன், விக்கலை எண்ணினேன்.

மகள் பகலில் தூங்குவது அப்பாவின் வாசிப்பில்தான். ஷிப்ட் முடிந்து வந்ததும் அவர் கம்பி பிரஷ்களை எடுத்து டிரம்மின் மேல் தோலில் மெல்ல இழுப்பார். சொளகில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம். தொட்டிலில் கண் சொருகும். அவர் தன் உருப்படியைச் சின்னச் சத்தத்தில் வாசித்துக்கொண்டே போவார். பதினாறு தட்டு வரும். ஐந்தாவது, ஆறாவது தட்டில் குழந்தை வீறிட்டு அழும். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. சத்தம் நின்றால் அவளுக்குப் பிடிக்காது. அவர், "சரி விடு" என்று பிரஷ்ஷை வைத்துவிட்டுக் காபி கேட்பார். நான் குழந்தையைத் தோளில் போட்டு, விட்ட இடத்திலிருந்து முதுகில் தட்டிக்கொண்டே பதினாறு வரை எண்ணி முடிப்பேன். அவர் நிறுத்திவிட்டாரே, இனி யாருக்காக எண்ணுகிறோம் என்றெல்லாம் தோன்றும். ஆனாலும் பாதியில் விட்டால் எதையோ கெடுத்த மாதிரி இருக்கும்.

ஆக, அவருடைய உருப்படியின் நடுவில் இருந்த அந்தப் பதினாறு தட்டையும் முழுதாகக் கடந்த ஒரே ஆள் நான். இது அப்போது எனக்கே தெரியாது. குழு ஒத்திகையில் அந்த இடம் வந்தால், "இங்க பதினாறு, தெரியும்ல? அடுத்ததுக்கு வாங்க" என்று தாண்டிப் போய்விடுவார்கள். சும்மா இருப்பதை ஒத்திகை பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் அழைப்பு வந்ததும் சாக்ஸபோன்காரர் வீட்டுக்கு வந்தார். கல்யாண பேண்டில் பெரிய பெயர் எடுத்தவர், நேராகப் பேசுவார். "அண்ணே, நீங்க தப்பா நெனச்சுக்கிடாதீங்க. இந்த ஒரு தடவ வாசிப்போம். இதுலயும் பாதியில நின்னுச்சுன்னா பொறவு பாகற்காய்ப் பேச்சே எடுக்கப்படாது. ஊர்ல எங்களப் பாத்து, கரண்ட் கட் குரூப் வருதுன்னு சிரிக்கான்."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த குச்சிகளைப் பைக்குள் போட்டார். பிறகு, "சரி" என்றார். அந்த "சரி" எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு வருட உழைப்பு அது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்று அவர் ஆசைப்படுவது எனக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுதும் முன்னேற்பாடுகள். தலைமையாசிரியை அம்மாவுக்கு ஒரு கடிதம். மைக்செட்காரருக்கு நேரில் விளக்கம். வீட்டில் என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நீ வாரேல்ல?" என்றார். பிறகு தொட்டிலைப் பார்த்தார். பிறகு துண்டைத் தேடினார்.

போனால் குழந்தை அழும். போகாவிட்டால் அவர் வாழ்க்கையில் முக்கியமான நாளில் நான் இல்லை. குழந்தையை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் லேசாக மூக்கு ஒழுகுகிறது. மூக்கு ஒழுகுகிற பிள்ளையை விட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போனாள் என்று நாளைக்கு யாராவது சொன்னால்? காலையில் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"இம்புட்டுதானா? நானும் வாரேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்குன ஒடனே பால்கோவா வாங்கு. அந்த நேரம் பாத்து வாயில ஒரு உருண்டை. அழுகிறதுக்கு வாய் வேணும்லம்மா!"

ஒரு வயதுப் பிள்ளைக்கு அத்தனை இனிப்பு ஆகுமா என்று பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை கேட்டுக்கொண்டே வந்தேன். அக்கா பாதி வழியில் தூங்கிவிட்டார்.

நாங்கள் போனபோது பாடம் நடந்துகொண்டிருந்தது. நாற்பது பெண்பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு மரக்கட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பில் அவர் வேறு ஆள். வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர், அங்கே எந்தப் பிள்ளை அரைத் தட்டு பிந்துகிறாள் என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"நான் குச்சியத் தூக்கிட்டேன்னா கரண்ட் போச்சு. சத்தமே வரப்படாது. சரியா?"

கூமாப்பட்டியிலிருந்து வருகிற ஒரு பிள்ளை எழுந்தாள். "சார், எங்க ஊர்ல கரண்ட் போச்சுன்னா எல்லாரும் ஓன்னு கத்துவோம் சார்."

"இங்க கத்தப்படாது."

"கத்தாம எப்படி சார் கரண்ட் போனது தெரியும்?"

வகுப்பு சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து திருகாணியை முறுக்குவது போல் மறைத்தார்.

இன்னொருத்தி கேட்டாள்: "திருப்பி எப்ப சார் வரும்?"

"பதினாறு எண்ணினா வந்துரும்."

"பதினாறுல எல்லாம் வராது சார். கரண்ட் ஆபீசுக்கு ஆள் போகணும்."

மதியத்துக்குள் ஏழெட்டு முறை முயன்றார்கள். ஒவ்வொரு முறையும் மூன்றாவது, நாலாவது தட்டில் யாராவது களுக்கென்று சிரித்துவிடுவார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. "சரி, சாயங்காலம் குச்சி கீழே வர்ற வரைக்கும் என் கையையே பாருங்க. குச்சி எறங்குனா நீங்களும் எறங்கணும்" என்று சொல்லி, பின்பாதியைத் தனியாகப் பழக்கி முடித்தார். கடைசியாக மணியடிப்பவரிடம் போய், மணி அடிக்கிற இரும்புக் கம்பியைக் கேட்டு வாங்கித் தன் குச்சிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அது எங்களோடு ராஜபாளையம் வந்து சேர்ந்தது வேறு கதை. திங்கட்கிழமை அந்தப் பள்ளியில் சாப்பாட்டுத் தட்டை அடித்து வகுப்பு மாற்றினார்களாம்.

சாயங்காலம் பிரார்த்தனைக் கூடம் நிறைந்துவிட்டது. பெற்றோர்களில் பாதிப் பேர் ஜமுக்காளத்தில். மீதிப் பேர் சுவரோரம். நான் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அழுகை வந்தால் வெளியே ஓட வசதியாக. பிறகு, கதவோரம் காற்று, சளி பிடிக்கும் என்று நடுவுக்கு வந்தேன். நடுவில் இருந்தால் ஓட முடியாதே என்று மறுபடி கதவோரம் போனேன். "ஒரு எடத்துல உக்காரு தாயி, நீயே கச்சேரி நடத்துறியே" என்றார் அக்கா.

சினிமாப் பாட்டுகள் நன்றாகப் போயின. பிறகு பாகற்காய் தொடங்கியது. ஆலை ஓடியது. நாற்பது பிள்ளைகளின் கட்டைகள் கதிர்களாகச் சுற்றின. அக்கா பொட்டலத்தைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தார். சாக்ஸபோன் உச்சிக்குப் போயிற்று, அவர் குச்சியைத் தூக்கினார், எல்லாம் நின்றது. அக்கா பால்கோவா உருண்டையைக் குழந்தையின் வாயில் வைத்தார். நான் முதுகில் சத்தமில்லாமல் தட்டத் தொடங்கினேன்.

ஒன்று, இரண்டு. மைக்செட்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து, ஆறு. தலைமையாசிரியை அம்மா, எழுந்திருக்கப் பார்த்த ஒரு பெற்றோரைக் கண்ணாலேயே உட்காரவைத்தார். எட்டு. கூமாப்பட்டிப் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு. குழந்தை அழவில்லை. பதினாறு.

குச்சி இறங்கவில்லை.

நான் தப்பாக எண்ணிவிட்டேன் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பதினெட்டு, பத்தொன்பது. சாக்ஸபோன்காரர் வாத்தியத்தை வாயில் வைத்தபடி கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பினார். நாற்பது பிள்ளைகள் கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்தார்கள். அவரோ தலையைத் தூக்கி, வாய் லேசாகத் திறந்திருக்க, கூடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு பேர் மூச்சு விடுவது கேட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதர் எண்ணிக்கையைத் தொலைத்துவிட்டார். ஆறு வருடத்தில் ஆறேழு தட்டுக்கு மேல் அவருக்கு மௌனம் கிடைத்ததே இல்லை. கிடைத்ததும் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இருபத்து நாலு. நான் என்ன செய்ய முடியும்? இருமலாமா? இருமினால் உருப்படியைக் கெடுத்தது நான் என்றாகும். ஒருவேளை வேண்டுமென்றே நீட்டுகிறாரோ? இருபத்தெட்டு. கை மட்டும் பழக்கத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. முப்பது. குனிந்து குழந்தையைப் பார்த்தேன். வாய் நிறைய பால்கோவா. கண் இரண்டும் உருண்டையாக விரிந்திருந்தன. சத்தமே இல்லை. இத்தனை நேரம் மௌனத்தில் அழாமல் அவள் இருந்ததே கிடையாது. பால்கோவா அவள் தொண்டையில் அடைத்துக்கொண்டது!

கச்சேரி, பதினாறு, ஆறு வருட உழைப்பு எல்லாம் மறந்துவிட்டது. கையை ஓங்கி முதுகில் "தட்" என்று ஒரு போடு போட்டேன். கூடம் முழுக்கக் கேட்டது. பால்கோவா என் தோளில் விழுந்தது. குழந்தை "ஆ"வென்று அலறினாள்.

அடுத்த கணம் டிரம்ஸ் இறங்கியது. கட்டைகள் இறங்கின. சாக்ஸபோன் இறங்கியது. ஒருவரும் பிந்தவில்லை. ஆலை மறுபடி ஓடியது. குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். உருப்படி கடைசி வரை ஓடி முடிந்தது.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தியா, கரண்ட் வரப்போறத அந்தப் பச்சப்புள்ளைக்குக்கூடப் பழக்கி வச்சிருக்காவ" என்றார். இன்னொருவர், "கரண்ட் இல்லாதப்ப நல்லா இருந்துச்சு. வந்த பொறவு அம்புட்டு இல்ல" என்றார். அது உண்மைதான். முதல்முறையாக முழுதும் கேட்டபோது எனக்கும் பின்பாதி கொஞ்சம் நீளமாகத்தான் தோன்றியது. இன்றுவரை வெளியே சொன்னதில்லை.

சாக்ஸபோன்காரர் நேராக என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "மதினி, நீங்க மட்டும் எடுத்துக் குடுக்கலன்னா இன்னிக்கு அங்கயே விடிஞ்சிருக்கும். தாள ஞானம்னா இதுல்லா!" தொண்டையில் அடைத்துவிட்டது என்று பயந்துதான் அடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் காலை மிதித்தார். சொல்லவில்லை.

திரும்பும்போது வேனில் குழந்தை அவர் மடியில் தூங்கிவிட்டது. சத்தம் எதுவும் தேவைப்படவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர் சொன்னார்: "பதினாறு பத்தாது. முப்பத்திரண்டு வச்சாத்தான் எடுபடும்னு அங்கயேதான் முடிவு பண்ணினேன்."

"அப்படியா?" என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சதா?"

"நல்லாவே தெரிஞ்சது."

சாக்ஸபோன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, பதினாறை அடித்துவிட்டு முப்பத்திரண்டு என்று எழுதினார். குழுவில் பாகற்காயை நிறுத்துவது பற்றி அதன் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை. அடுத்த மாதம் மம்சாபுரத்தில் கச்சேரி. புறப்படும்போது, "நீயும் வந்துரு, பாப்பாவையும் தூக்கிக்கிட்டு" என்றார். இந்தமுறை துண்டைத் தேடவில்லை. போய்ப் பார்த்தால், முன்வரிசைக்கும் முன்னால், டிரம்ஸுக்கு நேர் எதிரே, ஒரே ஒரு நாற்காலி தனியாகப் போட்டிருந்தது. இவ்வளவு பக்கத்தில் குழந்தையின் காதுக்கு ஆகுமா, எல்லாரும் பார்ப்பார்களே, கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம், அங்கதான் ஃபேன் காத்து நல்லா வரும்" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். அது திறந்தவெளி மைதானம்.